சாமான் இரிக்கி, விபரம்தான் இல்ல

அக்கரைப்பற்றில ஏதாவதொரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில ஏறி, பழைய ஹொண்டா சி90க்குப் பிஸ்டன் கேட்டுப் பாருங்க. பேரைச் சொல்லி முடிக்க முந்தியே தலையாட்டல் வரும். "அது இப்ப வாறல்ல தம்பி. வித்துப்போட்டு வேற ஒண்ட எடுங்க." ஆலையடிவேம்பிலிருந்து கல்முனை வரைக்கும் எங்களுக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் இதுதான். இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. சாமான் இல்லாமல் இல்லை. எந்தச் சாமான் என்று சொல்ல ஆளில்லை.

சி90 என்பது ஒரு வண்டியின் பெயரில்லை, ஒரு குடும்பத்தின் பெயர். முந்தி வந்த எஞ்சின் 89.5 சிசி, பிஸ்டன் விட்டம் 50 மில்லிமீற்றர். பிந்தி வந்தது 85 சிசி, விட்டம் 47. வெளியில பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி. இதோட போர் பண்ணின எஞ்சின் என்றால் 0.25, 0.50 என்று பெரிய சைஸ் வேணும். பழைய வண்டிக்கு 6 வோல்ட், புதியதுக்கு 12. ஆகவே "சி90 பிஸ்டன்" என்று கேட்பது அரைக் கேள்வி. அரைக் கேள்விக்கு 'இல்லை' என்பதுதான் கடைக்காரருக்கு லேசான பதில்.

முழுக்கேள்வி எப்படிக் கேட்பது? ஹொண்டா ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இலக்கம் வைத்திருக்கிறது. முதல் 5 இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும்: 13101 பிஸ்டன், 16100 காபரேட்டர். நடுவில வாற 3 எழுத்துக் குறியீடு, அது முதன்முதல் எந்த மொடலுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லும். உங்கட வண்டியின் பார்ட்ஸ் லிஸ்டில வேறொரு மொடலின் குறியீடு இருந்தால், அந்த மொடலின் பெயரில் கேட்டாலும் அதே சாமான் வரும். சுப்பர் கப் வரிசை 1958 இல் தொடங்கி 2017 இல் 10 கோடியைத் தாண்டியது. உலகத்தில் இதைவிட அதிகமாகச் செய்த மோட்டார் வண்டி கிடையாது. அதுக்கா சாமான் இல்லை?

சிக்கல் என்னவென்றால், ஜப்பான் தபால்காரர்களுக்காகச் செய்த எம்டி90 போன்றவற்றின் லிஸ்ட் ஜப்பான் மொழியில. மற்றவை இங்கிலீசில. தமிழில ஒரு பக்கம் கூட எங்கட கண்ணில படவில்லை. தமிழில் இருப்பதெல்லாம் கராஜ் பாஸ்மாரின் தலைக்குள்ள இருக்கு. எதுக்கு எது பொருந்தும், எதைக் கொஞ்சம் அராவினால் ஏறும், பஞ்சிகாவத்தையில எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கவேணும் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேட்டால் சிரிப்பார்கள். "தொழில் ரகசியம் மருமகன்!"

இதைவிட மோசமானவர்கள் 'வின்டேஜ்' வியாபாரிகள். 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நின்றதும் பழைய வண்டிக்கு விலை ஏறியது. 2022 இல் கியூஆரில கிழமைக்கு 4 லீற்றர் என்று வந்தபோது, பழைய இரும்பு என்று சிரித்தவர்களே சி90 தேடினார்கள். ஓடக்கூடிய வண்டிகளையும் கழட்டிச் சாமான் சாமானாக விற்ற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விபரம் வெளியே வராமல் இருப்பதுதான் லாபம்.

பின்போல் மெஷின் தெரியும்தானே, கண்ணாடிக்குக் கீழ இரும்புக் குண்டு உருள, பட்டனை அமத்தி அடிக்கிற விளையாட்டு. வில்லியம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி 1999 இல் அதைச் செய்வதையே விட்டுவிட்டது. அந்த மெஷின்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. வைத்திருந்தவர்கள் கையேட்டையும் வயரிங் படத்தையும் ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். எந்தக் கொயிலுக்கு எது பதில் என்று எழுதி வைத்தார்கள். என்ன சாமானுக்குத் தேவை இருக்கென்று தெரிந்ததும் சின்னப் பட்டறைகள் அதைத் திரும்பச் செய்தன. விளையாட்டுச் சாமானுக்கே இவ்வளவு! நம்மட சி90 வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற வண்டி.

முப்பது வருசம் கரி பூசிப் படிச்ச தொழிலை ஏன் சும்மா குடுக்கவேணும் என்று பாஸ் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா இலக்கம் தெரிந்த எவனும் தன்ர வீட்டில எஞ்சின் பிரிக்கப் போறதில்லை. சரியான சாமானோட அதே கராஜுக்குத்தான் வருவான். சத்தத்தைக் கேட்டே வால்வா செயினா என்று சொல்ற காது பாஸுக்குத்தான் இருக்கு, அதை எந்தக் கொப்பியிலும் எழுதேலாது. எழுதக்கூடியதை எழுதாமல் விட்டால் நடப்பது வேற: பாஸ் படுத்துவிடுவார், மகன் கட்டாரில. கராஜோடு விபரமும் பூட்டு.

நாங்கள் கேட்பது ஒரு தாள்தான். செசி இலக்கம் எப்படித் தொடங்குது, எத்தனை வோல்ட், பிஸ்டன் விட்டம், போட்டுப் பார்த்துப் பொருந்தின சாமானின் இலக்கம், பொருந்தாததும்கூட. தமிழில எழுதி, கராஜ் சுவரில கலண்டருக்குப் பக்கத்தில ஒட்டிவிடுங்க. படமெடுத்து மற்ற ஊருக்கு அனுப்புற வேலையை நாங்க பார்க்கிறம்.