சடைக்கும் தண்ணி ஊத்தலாம், தப்பில்ல

சடைன்னதும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க போடுற ரெட்டைச் சடைன்னு நினைச்சுக்காதீங்க. நான் சொல்றது, சீப்பே படாம, பின்னாம, மெழுகு கிழுகு தடவாம தானா திரிஞ்சு விழுற சடை.

"சடை விடணும்னா தலைக்குத் தண்ணி காட்டக் கூடாது"ன்னு எவன் கிளப்பி விட்டானோ! சிவகாசியில புதுசா சடை விடுற பயலுகளும் இதைத்தான் சொல்றாங்க. சதுரகிரி மலைக்கு அமாவாசை தவறாமப் போற பெருசுகளும் இதைத்தான் சொல்றாங்க. ரெண்டு கட்சியோடயும் எனக்கு ஒத்துப்போகல.

முடி திரியுறது அழுக்கால இல்லீங்க. உதிர்ற முடி கீழ விழாம உள்ளேயே தங்கி, மத்த முடியோட சுத்திக்குது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா வழுக்கிட்டுப் போயிரும். சுத்தமான, காஞ்ச தலையிலதான் சடை நல்லா இறுகும்.

வாரம் ஒரு தடவை அலசினாப் போதும். விரல் நுனியால மண்டையை மட்டும் தேய்ங்க, நுரை சடை வழியா வடியட்டும். புதுச் சடையைத் துணி மாதிரி கசக்கினா பிரிஞ்சிரும். சீயக்காய்த் தூளை அப்படியே அப்பாதீங்க, உள்ள போய் மாட்டின துகள் லேசுல வராது. பூந்திக்கொட்டையை ஊறவச்சு, கசக்கி, வடிகட்டி ஊத்தலாம். நம்ம பக்கத்து உப்புத் தண்ணிக்குக் கட்டி சோப்பு ஆகவே ஆகாது. திரிதிரியா வெள்ளையா ஒட்டிக்கும். ஷாம்பூ தேவலை. கடைசி ரெண்டு செம்பு மட்டும் நல்ல தண்ணி (குடம் என்ன விலைன்னு எனக்கும் தெரியும், அதான் ரெண்டு செம்பு!). காஞ்சதும் வேர்ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன சடைகளைப் பிரிச்சு விட்ருங்க.

முக்கியமானது காயவைக்கிறது. ஈரத்தோட கொண்டை போட்டா உள்ளுக்குள்ள பூசணம் பூத்து நாறும். காலையிலயே குளிங்க. பட்டாசு காயுற வெயில்ல சடை காயாதா என்ன?

மருந்து ரூம்ல வேலை பாக்குறவங்க தலையில பருத்தித் துணி கட்டாம இருக்காதீங்க. அலுமினியத் தூள் சாதா முடியிலயே லேசுல போகாது, சடைக்குள்ள போனா கேக்கவே வேணாம்.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, எங்க தெருவுல ஒரு அக்காவுக்குப் பல வருஷமாச் சடை. ஆசைப்பட்டு விட்டதில்ல, தானா விழுந்தது. "மாரியாத்தா இறங்கியிருக்கா, தொடாதே"ன்னுட்டாங்க. தலைக்கு ஊத்துறதே இல்ல. அரிப்பு, நாத்தம், கழுத்துவலி. மல்லாந்து படுக்க முடியாது. கேட்டா, "ஆத்தா கோவிச்சுக்குவா தம்பி"ங்கிறாங்க.

இதே மாவட்டத்துல இருக்கன்குடி மாரியம்மன் கோயில்ல எத்தனை பேர் மொட்டை போடுறாங்க! முழுத் தலையையும் சந்தோஷமா வாங்கிக்கிறவ, ஒரு செம்புத் தண்ணிக்கா கோவிக்கப் போறா?

மகாராஷ்டிராவுல நரேந்திர தபோல்கர் 1989-ல ஆரம்பிச்ச மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்துக்காரங்க, இப்படிச் சடை விழுந்த பெண்கள்கிட்ட பொறுமையாப் பேசி, அவங்க சம்மதத்தோட வெட்டி விடுறாங்க. 2013 ஆகஸ்ட் 20 அன்னைக்கு புனேயில அவரைச் சுட்டுக் கொன்னாங்க. அந்த வேலை நிக்கல.

நான் வெட்டியே ஆகணும்னு சொல்ல வரல. வச்சுக்கணுமா, எடுக்கணுமாங்கிறது அந்த அக்கா இஷ்டம். ஆனா பயம் காட்டி ஒரு பொம்பளையைக் குளிக்க விடாம வச்சிருக்கிறதுக்குப் பேர் பக்தியா? அவங்க வீட்டு ஆளுங்ககிட்ட இதைத்தான் கேட்டேன். இன்னும் பதில் வரல.