கர்ப்பப்பை ஆபரேஷனில் சில நிமிட சோதனை: ஏன் இன்னும் வழக்கமாகவில்லை?

ஒடுகத்தூரில் பஸ் ஏறி ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, கர்ப்பப்பை ஆபரேஷன் என்றதும் முதல் கவலை லீவுதான். எத்தனை நாள் சம்பளம் போகும்? அந்தக் கணக்கையே புரட்டிப்போடக்கூடிய சிக்கல் ஒன்று உண்டு. சிறுநீர்க்குழாயில் படும் காயம்.

எப்படி நேர்கிறது?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய், கர்ப்பப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி, ரத்தக்குழாய்க்கு அடியில் போகிறது. அந்த ரத்தக்குழாயைக் கட்டும்போது இதுவும் தையலில் மாட்டலாம், சூடு படலாம். அரிதாக நடப்பதுதான். ஆனால் நடந்தால், பல சமயம் ஆபரேஷன் மேஜையில் தெரிவதில்லை. சில நாள் கழித்து விலாவில் வலி, காய்ச்சல் அல்லது பிறப்புறுப்பு வழியாகச் சிறுநீர்க் கசிவு. சிலருக்குச் சத்தமே இல்லாமல் ஒரு சிறுநீரகம் கெட்டுப்போகும்.

சோதனை என்ன?

சிஸ்டோஸ்கோப்பி. மயக்கம் தெளியும் முன்பே சிறுநீர்ப்பைக்குள் சிறு கேமராவைவிட்டு, இரண்டு குழாய்களிலிருந்தும் சிறுநீர் பீய்ச்சுகிறதா என்று பார்ப்பது. அடைப்பு தெரிந்தால் அப்போதே தையலைப் பிரித்துச் சரிசெய்யலாம். லேப்ராஸ்கோப்பி முறையில் கர்ப்பப்பையை எடுக்கும்போது இதை வழக்கமாகச் செய்வதைப் பரிசீலிக்க வேண்டும் என்று, மகளிர் லேப்ராஸ்கோப்பி மருத்துவர்களின் ஏ.ஏ.ஜி.எல். அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம் என்ன தடை?

கருவி இல்லை என்பார்கள். பாதி உண்மை. லேப்ராஸ்கோப்பி செய்யும் இடத்தில் கேமராவும் லைட்டும் ஏற்கெனவே இருக்கும்; தேவை ஒரு ஸ்கோப்தான். பெரிய தடை, கை பழக்கம். மகளிர் மருத்துவப் பயிற்சியில் இதற்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. அதனால் இது யூராலஜிஸ்ட் வேலை என்றாகிவிட்டது. சின்ன ஊர் நர்சிங் ஹோமில் அவரை எங்கே தேடுவது? 2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் இந்த ஆபரேஷன்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தனியாரிடம்தான் நடந்தது.

அடுத்தது பணம். ஆபரேஷனுக்கு ஒரே பேக்கேஜ் தொகை என்றால், கூடுதல் நிமிடங்களும் ஸ்டெரிலைசேஷன் செலவும் மருத்துவமனை தலையில்தான் விழும்.

எல்லோருக்கும் தேவையா என்று தயங்கும் டாக்டர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது: சூட்டுக் காயம் சில நாள் கழித்தே வெளிப்படலாம், அன்று கேமராவில் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனாலும் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், பழைய சிசேரியன் தழும்பு உள்ளவர்களுக்காவது செய்துவிடலாமே?

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைக்கலாம்: “முடிச்சதும் சிறுநீர்க்குழாயைச் செக் பண்ணுவீங்களா? ஏதாவது ஆனா யூராலஜிஸ்ட் எங்கிருந்து வருவார்?” வீடு திரும்பிய பின் விலா வலியோ கசிவோ இருந்தால், தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காமல் உடனே போய் ஸ்கேன் எடுக்க வேண்டும்.