மந்திரம் வேண்டாம், விளக்கம் வேண்டும்!

ஆண்டுதோறும் சூன் 26 வருகிறது. போதை ஒழிப்பு நாள்! பள்ளித் திடலில் பிள்ளைகள் அணிவகுக்கின்றனர். கை நீட்டி உறுதிமொழி ஓதுகின்றனர். மணி அடித்ததும் கலைகின்றனர். கடமை முடிந்தது என்கிறோம்.

முடிந்ததா, தோழர்களே? பொருள் அறியாது ஓதுவது மந்திரம் என மேடைதோறும் இடித்துரைத்தவர்கள் நாம். ஏன், எதனால் என்று கேட்க இடந்தராத உறுதிமொழி மட்டும் மந்திரத்தினும் எவ்வகையில் உயர்ந்தது?

பரங்கிப்பேட்டை மாணவனிடம் "குடி பாவம், நரகம் கிட்டும்" என்ற பூச்சாண்டி செல்லாது, செல்லவும் வேண்டாம். "கடற்குளிருக்குக் குடித்தால் உடல் சூடேறும்" என்று அவன் குப்பத்தில் கேட்டு வளர்கிறான். அதுவும் ஒரு மூடநம்பிக்கையே! மது தோலின் குருதிக் குழாய்களை விரிக்கிறது, சூடு தோன்றுகிறது, உண்மையில் உடல் தன் வெப்பத்தை இழக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதுவோம்.

மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைக் கெடுக்கிறது, உயிரையும் குடிக்கிறது. 2023 மே திங்களில், இதே கடற்கரையின் வடபால், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மீனவரை மாய்த்தது அதுவே. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரை விழுங்கியதும் அதுவே. விதியன்று, வேதியியல்!

1921இல் பெரியார் கள் இறக்கும் தென்னைகளை, தம் சொந்தத் தோப்பிலேயே, 500க்கு மேல் வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மையாரும் கள்ளுக்கடை மறியலில் நின்றனர். பின்னாளில், சட்டத்தால் திணிக்கும் மதுவிலக்கை அவரே ஏற்கவில்லை. முரண் என்பர் சிலர். நாம் கற்கும் பாடம் வேறு: அச்சுறுத்தலும் ஆணையும் அறிவின் வேலையைச் செய்யமாட்டா.

ஆனால், அறிவு ஊட்டுவோர் நேர்மையும் காட்டவேண்டாமா? கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கெசத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்னும் சட்டம் 2003இல் பிறந்தது. அதே 2003இல்தான் தமிழ்நாட்டரசு மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்தது! ஆட்சிகள் மாறின, கல்லாப்பெட்டி மாறவில்லை. 1971இல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தது நம் இயக்கத்தார் ஆட்சியே. அதை மறைத்துவிட்டு மாணவனுக்கு எதைக் கற்பிப்பது? நம்மவரையும் கேள்வி கேட்பதன்றோ பகுத்தறிவு!

ஆசிரியத் தோழர்களே! அளவுநாடாவை எடுங்கள். அடுத்த கணக்குப் பாடம் பள்ளி வாயிலில் நடக்கட்டும். 100 கெசத்தை மாணவர்களே அளக்கட்டும். அதனுள் தொங்கும் பொட்டலங்களை அவர்களே எண்ணட்டும். எண்ணியதை மனுவாக்கிப் பேரூராட்சியிடம் அவர்களே கொடுக்கட்டும். கேள்வி கேட்கப் பழகியவனைப் போதை வணிகன் எளிதில் வெல்லமுடியாது!