கோட்டை கட்டியதும் ஆண்டுவிட்டார்களா?

பீரங்கிக் கப்பல் வந்தது, கோட்டை எழுந்தது, அன்றோடு நாம் அடிமையானோம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நாகப்பட்டினத்தைப் பொறுத்தவரை அது பொய். அதை நம்புவதால் நம்மவர்கள் செய்ததும் மறைகிறது, செய்யத் தவறியதும் மறைகிறது.

1658-ல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள். பிடித்தால் போதுமா? தஞ்சை விஜயராகவ நாயக்கரிடம் வெள்ளித் தகட்டில் பட்டயம் வாங்க வேண்டியிருந்தது. தஞ்சை மராத்தியரான ஏகோஜியின் கைக்குப் போனதும் 1676-ல் மறுபடி ஒரு வெள்ளிப் பட்டயம். கோட்டைக்குள் நெல் விளையாதே! அரிசி காவிரிப் பாசன வயல்களிலிருந்து வர வேண்டும். கிழக்கே கப்பலேற்றும் துணி உள்நாட்டுத் தறிகளிலிருந்து வர வேண்டும். அரண்மனை நினைத்தால் வழியை அடைத்துவிடலாம். போட்டிக்குப் பக்கத்திலேயே நாகூர், அங்கிருந்து மரக்காயர் கப்பல்கள் அச்சேவுக்கும் கெடாவுக்கும் போய்வந்துகொண்டிருந்தன. போதாக்குறைக்கு, லாபம் எங்கே என்று கேட்டு டச்சுக் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பட்டேவியாவிலிருந்து கடிதம் வரும். 1690-ல் நாகப்பட்டினம் சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடமான பிறகும் இந்த இழுபறி ஓயவில்லை.

தரங்கம்பாடியில் நிலைமை இன்னும் மோசம். 1620-ல் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்து டேனியர் கோட்டை கட்டினார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு 1669 வரை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக டென்மார்க்கிலிருந்து கப்பலே வரவில்லை. கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் என்ற ஒற்றை டேனியர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். வெள்ளைக்காரன் நினைத்ததெல்லாம் நடந்தது என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இப்படிக் கட்டுண்டு கிடந்தார்கள் என்பதால் ஐரோப்பியர்கள் குற்றமற்றவர்கள் ஆகிவிட மாட்டார்கள். 1659 முதல் 1661 வரை பிஜப்பூர்ப் படையும் பஞ்சமும் தஞ்சையைச் சூறையாடின. பசியில் விலைபோன மனிதர்களை டச்சுக் கம்பெனி வாங்கிக் குவித்தது. ஏறத்தாழ 8,000 முதல் 10,000 பேரை இந்தக் கரையிலிருந்து இலங்கைக்கும் பட்டேவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றினார்கள். தாய் ஒரு கப்பலில், பிள்ளை ஒரு கப்பலில் போயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? வாங்கிய பாவம் கம்பெனியுடையது. ஆனால் படையெடுத்த சுல்தானும், குடிகளைக் காக்காத நாயக்கரும் சர்வவல்லமை படைத்த வெள்ளைக்காரன் கதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விடக்கூடாது. நெற்களஞ்சியத்திலேயே பட்டினி வந்தது எப்படி என்று அவர்களையும் கேட்டாக வேண்டும்.

ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் மூண்ட போரால் 1781 நவம்பரில் நாகப்பட்டினம் கைமாறியது; 1784-ல் பாரிஸ் உடன்படிக்கை அதை உறுதி செய்தது. அப்போதும் தஞ்சைக்கு அரசர் இருந்தார். டெல்டாவின் நிலவரி ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனது 1799-ல், இரண்டாம் சரபோஜி உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகுதான். டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததற்கும் அந்தக் கையெழுத்துக்கும் இடையே 141 ஆண்டுகள். நம் பிள்ளைகளின் பாடத்தில் அந்த 141 ஆண்டுகள் எங்கே?