பழைய கிட்டாருக்குப் பிறப்புச் சான்றிதழ்

ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆகியும், ஒரு பிறந்த தேதியைப் பார்த்தால் சரிபார்க்கத் தோன்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது தொழில் வியாதி. சென்ற மாதம் அந்த வியாதி ஒரு கிட்டாருக்குப் பயன்பட்டது.

பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு பழைய மின்சார கிட்டார் கொண்டுவந்தான். அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் 'மஸ்டாங்'. வெள்ளைப் பூச்சு மஞ்சளித்து வெண்ணெய் நிறமாகியிருந்தது. "1964, தாத்தா! மஸ்டாங் வந்த முதல் வருஷம்" என்றான். அதற்காகவே கூடுதல் விலையும் கொடுத்திருந்தான். 1965 ஜனவரியில் ஃபெண்டரை சி.பி.எஸ். நிறுவனம் வாங்கிவிட்டது. அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான் சந்தையில் மவுசு.

திருப்பிப் பார்த்தோம். கழுத்தைப் பிடித்திருக்கும் தகட்டில் பெரிதாக 'எஃப்' என்ற எழுத்து. அது கம்பெனி கைமாறிய பிறகு வந்த தகடு. ஆனால் நான்கு திருகைக் கழற்றினால் தகட்டை யாரும் மாற்றிவிடலாம். நம் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதானே பிறந்தநாள்? தகட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

தந்திகளைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றினோம். அடிமரத்தில் முத்திரை: '16 நவ 66 பி'. "நவம்பர் 16-ஆம் தேதி" என்றான் பேரன். நானும் அப்படித்தான் படித்தேன். பிறகு தேடிப் படித்ததில் தெரிந்தது, 16 என்பது தேதியே அல்ல. மஸ்டாங் என்ற மாதிரியின் எண். கடைசி எழுத்து கழுத்தின் அகலத்தைச் சொல்வது. மாதமும் வருஷமும்தான் நிஜம்.

உள்ளே ஒலியளவுக் குமிழின் அடியில் இன்னொரு எண்: 304, 66, 28. 304 என்றால் ஸ்டாக்போல் என்ற கம்பெனி. 1966-ஆம் வருஷம் 28-ஆவது வாரம் செய்தது. இது முத்திரைத்தாள் மாதிரி. தாள் வாங்கிய நாளுக்கு முன்னால் பத்திரம் எழுதியிருக்க முடியாது. பின்னால் எப்போது வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆக, இந்தக் கிட்டார் 1966 நவம்பருக்கு முந்தியது அல்ல. பேரன் முகம் வாடிவிட்டது. விற்றவருக்கு எழுதினான், பதில் இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளூரில் காத்திருந்தது. ரிப்பேருக்குக் காட்டிய இடத்தில், "பெயிண்டைச் சுரண்டிப் புதுசா அடிச்சிடலாம், வயரிங் கோளாறு, பிக்கப்பையும் மாத்திடலாம்" என்றார்கள். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒலி மெலிந்து, மூக்கடைத்த மாதிரி வந்தது உண்மை. ஆனால் அது கோளாறு அல்ல. மஸ்டாங்கில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி சுவிட்ச். நடுவில் வைத்தால் மௌனம், இரு ஓரங்களிலும் ஒலி. இரண்டையும் எதிரெதிர் ஓரத்துக்குத் தள்ளினால் ஓர் ஒலி மற்றதை வெட்டும். ஒரே பக்கம் தள்ளினால் நிறைந்து ஒலிக்கும். செய்தவர்களே அப்படி வைத்தது.

என் கருத்து இதுதான்: பழைய பொருளை முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் கை வைக்க வேண்டும். நானே தப்பப் பார்த்தேன். கழுத்துக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டு இருந்தது. குப்பை என்று எறிய இருந்தேன். கழுத்தின் சாய்வுக்காகக் கம்பெனியிலேயே அப்படி வைப்பதுண்டாம். ஃபைலில் இருக்கும் துண்டுச்சீட்டைக் கிழித்துப் போடக் கூடாது என்று முப்பது வருஷம் பிறருக்குச் சொன்னவன் நான்!

துண்டை இருந்த இடத்திலேயே வைத்து மூடினோம். பூச்சைத் தொடவில்லை. சுருதி நிற்காததற்குக் காரணம் மெல்லிய தந்திகள். மஸ்டாங்கின் தந்தி நீளம் 24 அங்குலம், ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு 25½. நீளம் குறைந்தால் இழுவையும் குறையும். அதன் குதிரை வேறு முன்னும் பின்னும் ஆடுகிற வகை. கனமான தந்தி போட்டதும் அடங்கியது. (வீணையில் நாம் குதிரை என்பதை பிரெஞ்சில் 'ஷெவலே' என்பார்கள். அங்கேயும் குதிரைதான்!)

ஒரு நாள் விட்டுக் கழுத்தின் வளைவைப் பார்த்தோம். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்தினால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி; போதும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியின் உயரம் சுமார் 2 மில்லிமீட்டர் வைத்தோம். அங்கே அழுத்தினால் சரியாக மேல் சட்ஜம் வர வேண்டும். சுருதி ஏறிப் பேசிய தந்திகளுக்குக் குதிரையில் அதனதன் தாங்கியைப் பின்னால் தள்ளினோம். மொத்தச் செலவு ஒரு செட் தந்தி.

இரண்டு வருஷம் இளையது என்று தெரிந்ததால் விலையில் பேரனுக்கு நஷ்டம். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அதனுடையதே. சாயங்காலம் மாடியில் வாசித்தான். நான் இரண்டு சுவிட்சையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.