படம் பிடித்தால் மட்டும் போதுமா?

சென்ற மகாசபைக் கூட்டத்தில் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் எழுந்து, பொதுநல நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்கி, மார்பக எக்ஸ்ரே எடுக்கும் வண்டியை நம் ஊருக்கு ஒரு நாள் வரவழைக்க வேண்டும் என்று யோசனை கூறினார். அவருடைய மனைவியார் சென்ற ஆண்டுதான் மார்பகப் புற்றுநோயினால் காலமானார். அதை அறிந்த சபை மறுபேச்சின்றிக் கைதட்டி ஆமோதித்தது. யோசனை இப்போது நிர்வாகக் குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. அந்த அன்பரின் துயரத்தில் நாமும் பங்கு கொள்கிறோம். ஆயினும் கைதட்டலினால் மட்டும் முடிவு செய்யத் தக்க விஷயமன்று இது. பணம் அங்கத்தினர்களுடையது, உயிரோ நம் தாய்மார்களுடையது. ஆகவே, இந்தச் சோதனை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்வோம்.

மாமோகிராம் என்பது மார்பகத்தை எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் படம். மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில விநாடிகள் அழுத்தி, ஒவ்வொரு பக்கத்திற்கும் இரண்டு படங்கள் எடுப்பார்கள். அழுத்தும்போது சிறிது வலி உண்டாவது இயல்பே. அழுத்தினால்தான் தசைத் திரள் பரந்து, படம் தெளிவாக விழும். கதிரின் அளவும் குறையும். கையில் தட்டுப்படாத சிறு கட்டியையும், மணலினும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களையும் இப்படத்தில் காணலாம். அத்துகள்கள் சில சமயம் நோயின் முதல் அடையாளமாக இருக்கும். 1913-ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகரத்து அறுவை வைத்தியர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுத்த மார்பகங்கள் ஏறக்குறைய மூவாயிரத்தை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து, இத்துகள்களைக் கண்டு எழுதி வைத்தார்.

நோயின் அறிகுறி எதுவும் இல்லாத பெண்களுக்கு இப்படம் எடுப்பதனால் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கு விடை காண, நியூயார்க் நகரில் 1963-இல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கிற்று. அதில் சேர்ந்தவர்கள் சுமார் 62,000 பெண்கள். ஸ்வீடன் தேசத்தின் இரண்டு மாவட்டங்களில் 1977-இல் மற்றொன்று தொடங்கியது. அதன் முடிவு 1985-இல் வெளியாயிற்று. இரண்டிலும், சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோயினால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்திருந்தது.

இப்போது 'டிஜிட்டல்' என்ற சொல்லுக்கு வருவோம். பழைய முறையில் படம் பிலிமில் பதியும். கழுவி எடுத்த பின் அதை மாற்ற முடியாது. மங்கலாக இருந்தால் மீண்டும் எடுக்க வேண்டியதுதான். புதிய முறையில் பிலிம் இல்லை. கதிரின் அளவை ஒரு மின் கருவி கணக்கிட்டு எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. வைத்தியர் திரையில் படத்தைப் பெரிதாக்கலாம். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். படத்தை வேறு ஊரிலுள்ள நிபுணருக்கு நிமிஷத்தில் அனுப்பலாம். சென்ற முறை எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அமெரிக்க அரசாங்கம் இக்கருவிக்கு முதன்முதல் அனுமதி வழங்கியது 2000-ஆம் ஆண்டில்.

புதியது என்பதனாலேயே அது சிறந்ததாகிவிடுமா? அமெரிக்காவிலும் கானடாவிலும் 49,528 பெண்களைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். 2005-இல் வெளியான அதன் முடிவு கவனிக்கத் தக்கது. பொதுவாகப் பார்த்தால் இரண்டும் சமமே. ஆனால் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நிற்காதவர்களுக்கும், மார்பகத் தசை அடர்ந்திருப்பவர்களுக்கும் டிஜிட்டல் முறையே மேலாக இருந்தது.

இந்த அடர்த்தி என்ற விஷயத்தை நெசவாளருக்கு விளக்குவது எளிது. எக்ஸ்ரே படத்தில் கொழுப்புக் கறுப்பாகத் தெரியும். அடர்ந்த தசை வெண்மையாகத் தெரியும். புற்றுக் கட்டியும் வெண்மையாகவே தெரியும். கறுப்புத் துணியில் வெள்ளை நூல் சிக்கினால் எட்ட நின்றே கண்டுவிடலாம். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் சிக்கினால் தேர்ந்த கண்ணும் ஏமாந்துபோகும். இளம் வயதில் தசை அடர்ந்தே இருக்கும். டிஜிட்டல் முறை இச்சங்கடத்தைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. எனவே, "படத்தில் ஒன்றுமில்லை" என்று வைத்தியர் சொன்ன பிறகும், கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் மீண்டும் போய்க் காட்டுவதே அறிவுடைமை.

நன்மையோடு நஷ்டத்தையும் கணக்கில் எழுதுவது கூட்டுறவாளர் வழக்கம். பிரிட்டனில் அறிஞர் குழு ஒன்று எல்லா ஆராய்ச்சிகளையும் சீர்தூக்கி 2012-இல் ஒரு கணக்குக் கொடுத்தது. ஐம்பது வயதான 10,000 பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து சோதனைக்கு அழைத்தால், 43 மரணங்கள் தடுக்கப்படும். அதே சமயம் 129 பெண்கள், தங்கள் ஆயுளில் ஒரு தொல்லையும் தந்திராத புற்றுக்காகச் சிகிச்சை பெறுவார்கள். எது வளரும், எது வளராது என்று இன்னும் பிரித்தறிய முடியாமையே இதற்குக் காரணம். இவை தவிர, நோயில்லாத பலர் மறு சோதனைக்கு அழைக்கப்பட்டு, முடிவு தெரியும் வரையில் உறக்கமின்றித் தவிப்பதும் உண்டு. இதைக் கேட்டுச் சோதனையே வேண்டாம் என்று ஒருவரும் முடிவு கட்ட வேண்டாம். 43 குடும்பங்களில் தாய் உயிரோடு இருப்பது சிறிய காரியமா? இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, முடிவை அந்தப் பெண்ணிடமே விட வேண்டும் என்பதே நம் கருத்து.

நம் நாட்டு நிலை என்ன? இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணும் புற்றுநோய் இன்று இதுவே. 2022-ஆம் ஆண்டில் சுமார் 1,92,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டதென்றும், சுமார் 98,000 பேர் மாண்டனர் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மதிப்பிட்டிருக்கிறது. மேல்நாட்டாரைக் காட்டிலும் இளைய வயதிலேயே நம் பெண்களுக்கு இது காண்கிறது. நம்மிடையே பலர் நோய் முற்றிய பிறகே வைத்தியரிடம் வருகிறார்கள். தறி நின்றுவிடுமே, களை எடுக்கும் பருவம் போய்விடுமே, யாரிடம் சொல்வது என்று கூசி, மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். இந்த மாதங்களைக் குறைப்பதற்கு எக்ஸ்ரே வண்டி ஒன்றும் செய்யாது.

மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரியார் 1998-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டி. ஏழைக் குடியிருப்புகளில் வாழும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பாதியினருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டுக்கொரு முறை கையாலேயே மார்பகத்தைச் சோதித்தார்கள். எக்ஸ்ரே எதுவுமில்லை. 2021-இல் முடிவு வெளியாயிற்று. நோய் முற்றாத நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களிடையே மரணம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது. ஐம்பதுக்குக் குறைந்த வயதினரிடையே அப்பயன் காணப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மத்திய அரசாங்கம் 2016-இல் வகுத்த திட்டத்திலும், முப்பது முதல் அறுபத்தைந்து வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கொரு முறை கைச் சோதனையே விதிக்கப்பட்டிருக்கிறது.

அண்டை ஊர் ஒன்றில் நடந்ததை இங்குக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு முகாம் நடந்தது. பந்தல், ஒலிபெருக்கி, மாலை மரியாதை எல்லாம் குறைவின்றி இருந்தன. படம் எடுத்தவர்களுக்கு முடிவுத் தாள் வந்து சேர இரண்டு மாதங்கள் ஆயின. தறிக்காரர் வீட்டு அம்மாள் ஒருவர் தமக்கு வந்த தாளைக் கூரைச் சட்டத்தில் செருகி வைத்திருந்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. "மேலும் சோதிக்க வேண்டும்" என்பதே அதில் எழுதியிருந்தது. படிப்பு முடித்து ஊர் திரும்பிய அவர் பேத்தி அதை எடுத்துப் படித்தபோது, எட்டு மாதம் கடந்துவிட்டது. கருவியின் மேல் குற்றமில்லை. படம் சரியாகவே சொல்லிற்று. சொன்னதைக் கேட்டு அடுத்த காரியம் செய்ய ஆளில்லை.

ஆகவே, யோசனையை நாம் எதிர்க்கவில்லை. அதை முழுமையாக்க வேண்டுமென்றே சொல்கிறோம். முதலாவதாக, நம் கிராமச் சுகாதாரச் செவிலியரை அழைத்து, முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண் அங்கத்தினர் அனைவருக்கும், அங்கத்தினர் வீட்டுப் பெண்களுக்கும் கைச் சோதனை நடத்த ஏற்பாடு செய்வோம். இரண்டாவதாக, கட்டி, தோல் சுருக்கம், காம்பு உட்குழிதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகிய குறிகளை நூல் வழங்கும் நாளிலும் கூலி வழங்கும் நாளிலும் பெண்களுக்குப் பெண்களே எடுத்துச் சொல்லட்டும். மூன்றாவதாக, ஐம்பதைக் கடந்தவர்களுக்கும், தாய் அல்லது உடன்பிறந்தாளுக்கு இந்நோய் கண்டவர்களுக்கும் வைத்தியர் ஆலோசனைப்படி டிஜிட்டல் படம் எடுக்க நிதி உதவட்டும். ஆனால் வண்டி வருவதற்கு முன்பே, முடிவு எத்தனை நாளில் கிடைக்கும், தமிழில் யார் விளக்குவார், சந்தேகம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பவற்றை எழுத்து மூலம் பெற வேண்டும். படத்தின் பிரதியை அந்தந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட வேண்டும்; அடுத்த முறை ஒப்பிட அது உதவும். நான்காவதாக, மறு சோதனைக்குச் செல்பவர் இழக்கும் நாட்கூலியையும் பஸ் கட்டணத்தையும் சங்கம் ஏற்க வேண்டும். இந்தச் சிறு தொகை இல்லாமையே பல பயணங்களை நிறுத்தியிருக்கிறது. நோய் உறுதியானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு வழி உண்டு. அதற்கான தாள்களை எழுதிக் கொடுப்பது நம் காரியதரிசியின் கடமைகளில் ஒன்றாகட்டும்.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், துக்கத்தோடு நின்றுவிடாமல், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தார்கள். ஒரு வீட்டின் துயரம் ஊரின் காவலாக மாறும் வழி அதுவே. நம் அங்கத்தினரின் யோசனையும் அவ்வாறே பயன்தர வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தால் கண்டவுடன் தறியை நிறுத்தி முடிகிறோம். கண்டுவிட்டோம் என்று சும்மா இருப்பதில்லை. நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் இத்தீர்மானத்தை எடுக்கும்போது, கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு ஒதுக்குகிறோமோ, முடிவதற்கும் அவ்வளவு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.