மாறுதல் ஆணை சண்டையைத் தீர்க்காது

அரசு அலுவலகத்தில் இரண்டு பேருக்குள் பிணக்கு வந்தால் ஒருவரைத் தூக்கி வேறு ஊரில் போட்டுவிட்டால் போதும் என்பது தமிழ்நாட்டு நிர்வாகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. மாறுதல் பட்டியல் வரும்போதெல்லாம் அது புதுப்பிக்கப்படுகிறது. விருத்தாசலம் தாலுகா அலுவலகத்தில் ஒரே பிரிவில் இருக்கும் உதவியாளரும் இளநிலை உதவியாளரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். நாற்காலிகளுக்கு நடுவே மூன்றடி இடைவெளிதான். ஆனாலும் கோப்பு அலுவலக உதவியாளர் கையில் ஏறி, கண்காணிப்பாளர் மேசையை வலம் வந்துதான் பக்கத்து இருக்கைக்குப் போகும். பட்டா மாறுதலுக்கு வந்தவர் “அந்த சாரைக் கேளுங்க”, “அந்த மேடத்தைக் கேளுங்க” என்று அலைக்கழிவார். கடைசியில் ‘நிர்வாக நலன் கருதி’ ஒருவர் திட்டக்குடிக்குப் போவார். திட்டக்குடி என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. விரிசல் விட்ட சாடியை வேறு அலமாரிக்கு மாற்றினால் விரிசல் மூடிக்கொள்ளாது என்பது பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தண்டனைக்குப் பதிலாக இடமாறுதல் செய்வது செல்லாது என்று சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. ‘நிர்வாக நலன்’ என்ற இரண்டு சொற்கள் அந்தத் தீர்ப்பை விழுங்கி ஏப்பம் விடுகின்றன. மாறுதல் போதவில்லை என்றால் மெமோ. ஒழுங்கு விதிகளில் 17(ஏ) சிறு தண்டனைக்கு, 17(பி) பெருந்தண்டனைக்கு. குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை அலுவலர், மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பதவி உயர்வு அதில் சிக்கிக்கொள்ளும். யார் முதலில் குரலை உயர்த்தினார் என்பதற்கெல்லாம் எழுதப்பட்ட விதியல்ல அது. ஆனால் 2003 அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு சேர்த்த மாநிலம் இது. ஓய்வுபெறும் நாளில் சஸ்பெண்ட் ஆணையை நீட்டிப் பழகிய நிர்வாகத்திடம் நிதானத்தை எதிர்பார்ப்பதும் பேராசைதான்.

அமெரிக்கத் தபால் துறையைப் பார்க்கலாம். 1986-இல் எட்மண்ட் நகரத் தபால் நிலையத்தில் ஊழியர் ஒருவர் உடன் வேலை செய்த 14 பேரைச் சுட்டுக் கொன்றார். அலுவலகப் புழுக்கம் அந்தத் துறையில் அவ்வளவு முற்றியிருந்தது. அந்தத் துறை 1994-இல் ஃபுளோரிடாவில் சமரச முறையைச் சோதித்து, 1990-களின் இறுதிக்குள் நாடு முழுக்கக் கொண்டுபோனது. சமரசர் வெளியாள். புகார் கொடுத்தவர் விரும்பினால் வரலாம். மேலதிகாரி வந்தே ஆக வேண்டும். முறையான புகார்கள் குறைந்தன. துப்பாக்கிச் சூடு வரை போன தபால் துறையே உட்கார்ந்து பேச முடிந்தது. இங்கே ஒரு தாலுகா அலுவலகத்தால் முடியாதாம்!

முன்மாதிரிக்குக் கடல் தாண்டவும் வேண்டியதில்லை. நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. விவாகரத்து கேட்டு வந்த கணவனும் மனைவியும் அங்கே எதிரெதிரே உட்காருகிறார்கள். பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பியும் உட்காருகிறார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்திலுள்ள நெய்வேலியில் நிர்வாகமும் தொழிற்சங்கமும் மோதினால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி கூப்பிட்டுப் பேசுகிறார். 1947 தொழில் தகராறுச் சட்டக் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு அது. அமெரிக்கத் தபால்காரருக்கும் நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளிக்கும் கிடைத்த நாற்காலி அரசு எழுத்தருக்கு மட்டும் இல்லை.

எல்லாவற்றையும் பேசித் தீர்க்கலாம் என்பதும் தவறு. சாதி சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குரிய குற்றம். பாலியல் தொல்லையில் பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டுமே சமரசம், அதுவும் பணத்தை வைத்து அல்ல என்கிறது அதற்கான 2013 சட்டத்தின் 10-ஆம் பிரிவு. வேடிக்கை என்னவென்றால், நாற்காலிச் சண்டைக்கு 17(பி) போடுகிறவர்கள் இங்கேதான் திடீரென நாட்டாமை ஆகி, “பெரிய மனசு பண்ணி விட்டுடுங்கம்மா” என்பார்கள்.

2023-இல் வந்த மத்தியஸ்தச் சட்டம் ஊருக்கெல்லாம் சமரசம் போதிக்கிறது. அரசு ஒரு தரப்பாக இருந்தால் மட்டும் அது வணிகத் தகராறுகளோடு நின்றுவிடும். மற்றவற்றைச் சேர்க்க அந்தந்த அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். பணித் தகராறுகளைச் சேர்க்கும் அந்த அறிவிக்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட வேண்டும். அது கோட்டையில் ஒரு கையெழுத்து வேலை.